வாணலி ஒன்று, கடிகாரம் மூன்று

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது: ஒரே வாணலியில், அரைமணி நேரத்துக்குள் செய்து முடிக்கும் இறால் பூண்டு பாஸ்தா. இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, உரித்த இறால் 250 கிராம், ஏழெட்டுப் பல் பூண்டு, மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஓர் எலுமிச்சை, கொஞ்சம் மிளகாய்த் துகள், ஒரு கைப்பிடி பார்ஸ்லி. வேலைக்குப் போய்த் திரும்பும் அமெரிக்கக் குடும்பங்களின் இரவுச் சாப்பாட்டில் இந்தப் பண்டத்துக்கு நிலையான இடம் உண்டு. அதற்கு எதிரிகளும் உண்டு. பாஸ்தாவைத் தனிப் பானையில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்காத எதுவும் பாஸ்தா ஆகாது என்பது ஒரு கட்சி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாணலியில் கொட்டி மூடிவிட்டால் இரவுச் சாப்பாடு தயார் என்பது மறுகட்சி. இருவரும் பாத்திரத்தை எண்ணுகிறார்கள், கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பாஸ்தாவுக்குப் பத்து நிமிடம், பூண்டுக்கு இரண்டு மூன்று நிமிடம், இறாலுக்கு அதைவிடக் குறைவு. இந்த மூன்று வேறுபட்ட நேரங்களை ஒரே பாத்திரத்துக்குள் எந்த வரிசையில் அடுக்குவது என்பதில்தான் இந்தச் சமையலின் மொத்தத் திறமையும் இருக்கிறது. பாத்திரம் ஒன்றாக இருப்பது சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டு தவறு. அதனால் சுவையில் ஒரு லாபமே கிடைக்கிறது. ஆனால் வரிசை தப்பினால் அந்த லாபம் முழுவதும் போய்விடும். இதை நிறுவத்தான் பார்க்கிறேன்.

முதலில் பெரிய பானை. இத்தாலிய வீடுகளில் வழங்கும் கணக்கு ஒன்று, பத்து, நூறு: ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு, நூறு கிராம் பாஸ்தா. இதற்குச் சொல்லும் காரணங்கள் மூன்று. தண்ணீர் நிறைய இருந்தால் பாஸ்தா போட்டதும் கொதி அடங்காது. பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டாது. நீளமான இழைகள் முழுகும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உணவு அறிவியல் எழுத்தாளர் ஹரால்ட் மக்கீ 2009-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்தார். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பாஸ்தாவை ஒன்றரை லிட்டர் அளவுத் தண்ணீரில், அதுவும் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு, அடுப்பை மூட்டினார். பாஸ்தா வெந்தது. ஒட்டும் சிக்கல் தொடக்க நிமிடங்களுக்கு மட்டும் உரியது. மேல்மாவு கரைந்து பசையாகும் அந்த நேரத்தில் கிளறிக்கொண்டிருந்தால் போதும். ஆக, பானைப் பெருந்தண்ணீர் செய்கிற வேலையைக் கரண்டியும் செய்யும். எரிபொருள் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் வெப்பத்தில் 30 பாகையில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக லிட்டருக்கு 70 கிலோகலோரி வேண்டும். 200 கிராம் பாஸ்தாவுக்கு இத்தாலியக் கணக்குப்படி 2 லிட்டர் என்றால் 140 கிலோகலோரி. வாணலி முறைக்கு 700 மில்லி போதும், 49 கிலோகலோரி. முன்னது பத்து நிமிடம் எடுக்கும் அடுப்பில் பின்னது மூன்றரை நிமிடத்தில் கொதிக்கும். விரைவுச் சமையல் என்ற பெயரின் பாதி நியாயம் இந்தக் கழித்தலில் அடங்கிவிடுகிறது.

அடுத்து, இது அமெரிக்கப் பத்திரிகைகள் கண்டுபிடித்த குறுக்குவழி என்ற எண்ணம். ஒரே வாணலிப் பாஸ்தா என்ற பெயரைப் பரப்பியது மார்த்தா ஸ்டூவர்ட்டின் பத்திரிகை என்பது உண்மை; 2013-இல் வந்த அதன் குறிப்பில் லிங்குவினி, தக்காளி, வெங்காயம், பூண்டு, துளசி இன இலை எல்லாம் ஒரே நேரத்தில் வாணலிக்குப் போகும். ஆனால் அந்தக் குறிப்பே தெற்கு இத்தாலியின் புலியா பகுதியில் கண்டதை ஒட்டி எழுதப்பட்டது. அதே புலியாவின் தலைநகரான பாரியில், கொலைகாரனின் ஸ்பகெட்டி என்ற பெயரில் ஒரு பண்டம் 1960-களிலிருந்து இருக்கிறது. இரும்பு வாணலியில் எண்ணெய், பூண்டு, மிளகாய், தக்காளி. அதன்மேல் வேகாத ஸ்பகெட்டியை அப்படியே கிடத்தி, தக்காளிக் குழம்பை அகப்பை அகப்பையாக ஊற்றி, அடி கருகும்வரை விடுவார்கள். தண்ணீர்ப் பானை அதில் வருவதே இல்லை. ஸ்பெயினில் வலென்சியா பக்கத்துக் காந்தியா துறைமுகத்தின் ஃபிதெயுவா இன்னும் நெருங்கிய உறவு: பயெயா செய்யும் அகன்ற தட்டு வாணலி, அதில் அரிசிக்குப் பதில் குட்டை நூடுல்ஸ், மீன் சாறு, மேலே இறால். மீன்பிடிப் படகுச் சமையல்காரர் ஒருவர் தொடங்கிவைத்தது என்று அந்த ஊரில் சொல்வார்கள். மத்தியதரைக்கடல் ஓரத்தில் பாஸ்தாவை அளந்த நீரில் வேகவைத்து, அந்த நீரையே குழம்பாக்கும் வழக்கம் வடிக்கும் வழக்கத்தோடு கூடவே வாழ்ந்து வந்திருக்கிறது. நமக்கு இது புதிரே இல்லை. சேமியா உப்புமாவுக்கு யாரும் தண்ணீரை வடிப்பதில்லை. ஒன்றுக்கு எவ்வளவு என்று அளந்து ஊற்றுகிறோம், அது குடித்து முடிக்கும்போது பதம் வந்துவிடுகிறது.

சுவை லாபம் என்று சொன்னேனே, அது எங்கிருந்து வருகிறது? மாவுச்சத்திலிருந்து. டியூரம் கோதுமை ரவையில் புரத வலை ஒன்று மாவுத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கிறது. 60 பாகையைச் சுற்றித் துகள்கள் தண்ணீர் குடித்து உப்பத் தொடங்கும். மேற்பரப்பில் வலை தளர்ந்த இடங்களில் மாவுச்சத்து நீரில் இறங்கும். 200 கிராம் பாஸ்தாவிலிருந்து ஆறு கிராம் இறங்கியதாக வைத்துக்கொள்வோம். இரண்டு லிட்டர் பானையில் அது நூற்றுக்கு 0.3; கண்ணுக்குக் கலங்கலாகத் தெரியும், கைக்கு ஒட்டாது. அதே ஆறு கிராம், வாணலியில் கடைசியாக மிஞ்சும் 150 மில்லியில் நூற்றுக்கு நான்கு; அது குழம்பு. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதை எல்லோரும் அறிவோம். கொதியின் ஆட்டத்தில் எண்ணெய் சிறு துளிகளாக உடையும்போது, சுற்றியுள்ள நீர் மாவுச்சத்தால் தடித்திருந்தால் அந்தத் துளிகள் மறுபடி கூடி மேலே மிதக்க முடியாது. பால் கலந்ததுபோல் ஒரு பூச்சு இழைகளில் ஏறும். க்ரீம் சேர்க்காமல் க்ரீம் போல இருப்பதற்கு இதுதான் காரணம். மாவுச்சத்தின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று இருக்கிறது. சீஸும் மிளகும் மட்டும் சேரும் ரோமானியப் பாஸ்தாவின் குழம்பு ஏன் திரிந்துபோகிறது என்று ஆராய்ந்த இத்தாலிய இயற்பியலாளர்கள், சீஸ் எடையில் மாவுச்சத்து ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டிதட்டும், இரண்டு மூன்று சதவீதத்தில் நிலைக்கும் என்று காட்டினார்கள். வீட்டுப் பானைத் தண்ணீரை நம்ப முடியாது, மாவுச்சத்துப் பொடியையே கரைத்துச் சேருங்கள் என்பது அவர்கள் யோசனை. 2025-இல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பரிசு சிரிப்புக்கு என்றாலும் கண்டறிந்தது சிரிப்பு இல்லை. உணவகங்களில் நாள் முழுக்க ஒரே பானையில் பாஸ்தா வேகும், அதனால் அந்தத் தண்ணீர் கஞ்சியாக இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்துக் குழம்பைச் சேர்த்துக்கட்டுவார்கள். வீட்டில் அந்தக் கஞ்சி கிடைக்க எளிய வழி, தண்ணீரைக் குறைத்து ஒரு சொட்டும் வடிக்காமல் இருப்பது.

வடிக்காத சமையலில் அளவு தப்பினால் திருத்த இடம் குறைவு. ஆகவே கணக்கு வேண்டும். உலர்ந்த 200 கிராம் ஸ்பகெட்டி வெந்து முடியும்போது ஏறக்குறைய 240 கிராம் தண்ணீர் குடித்திருக்கும். முப்பது சென்டிமீட்டர் அகல வாணலியில், மூடாமல், பத்து நிமிடம் கொதித்தால் 300 மில்லி போல ஆவியாகும். குழம்புக்கு 150. கூட்டினால் 690. எழுநூறு மில்லி என்ற அளவு இப்படித்தான் வருகிறது. உப்புக்கும் இதே கணக்குதான், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பானை முறையில் லிட்டருக்குப் பத்து கிராம் போடுகிறோம், அதில் பெரும்பகுதி வடிகட்டியோடு போய்விடுகிறது. பாஸ்தா குடித்த 240 மில்லியில் உள்ள இரண்டரை கிராம்தான் வாய்க்கு வருகிறது. வாணலியில் போட்ட உப்பு முழுவதும் தட்டுக்கு வரும். 700 மில்லிக்கு ஏழு கிராம் என்று பழைய பழக்கத்தில் போட்டால் சாப்பிட முடியாது. அரைத் தேக்கரண்டி போதும், கடைசியில் ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். இறாலும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவரும்.

இனி இறால். இந்தப் பண்டத்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் இதுதான், கெடுப்பது பெரும்பாலும் அதிக நேரம்தான். பச்சை இறாலின் தசை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ இருக்கும். 50 பாகைக்கு மேலே மயோசின் என்ற புரதம் உருமாறத் தொடங்க, சதை வெளுக்கும். ஓட்டிலும் தோலிலும் சாம்பல் நீலமாக இருந்த நிறம் சிவக்கும். அஸ்டாஸாந்தின் என்ற சிவப்புப் பொருளைப் பிடித்து நீலமாகக் காட்டிக்கொண்டிருந்த புரதம் சூட்டில் பிடியை விடுவதால் நிகழும் மாற்றம் அது. அமெரிக்க உணவுத் துறை கடல் உணவுக்குச் சொல்லும் பாதுகாப்பான உள்வெப்பம் 63 பாகை. நடுத்தர அளவு இறால் அந்த அளவைச் சூடான வாணலியில் இரண்டு மூன்று நிமிடத்தில் எட்டிவிடும். அதற்குமேல் போனால் புரதங்கள் இறுகி, உள்ளே இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். பார்த்தாலே தெரியும்: பதமான இறால் பிறைபோல் வளைந்திருக்கும், வாலும் தலைப்பக்கமும் முட்டி முழு வளையமாகச் சுருண்டுவிட்டால் பல்லுக்கு ரப்பர். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டும் கட்சியின் தோல்வி இந்த இடத்தில் உறுதியாகிறது. தக்காளியும் வெங்காயமும் பத்து நிமிடக் கொதியைத் தாங்கும், அதனால் மார்த்தா ஸ்டூவர்ட் குறிப்பு வெல்கிறது. அதே முறையில் இறாலைச் சேர்த்தால் தாங்காது. மீன் சந்தையில் நல்ல விலை கொடுத்து வாங்கியதை அப்படிப் பாழாக்க ஒரு காரணமும் இல்லை.

தீர்வு, இறாலை முதலில் வறுத்து, எடுத்துவைத்து, கடைசியில் சேர்ப்பது. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரமாகப் போட்டால் வறுபடாது, தன் நீரிலேயே அவியும். உறைந்த இறால் என்றால் இந்தக் கவனம் இருமடங்கு, ஏனென்றால் எடை கூடவும் ஈரம் தங்கவும் பாஸ்பேட் கரைசலில் நனைத்து உறையவைப்பது அந்தத் தொழிலில் பரவலான வழக்கம். வாணலியில் இறால் அந்தத் தண்ணீரைக் கக்கும். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு பக்கம் ஒரு நிமிடம், திருப்பி அரை நிமிடம். நடுவில் இன்னும் கொஞ்சம் பச்சையாக இருக்கும்போதே தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். வாணலி அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கழுவக் கூடாது. பின்னால் ஊற்றும் தண்ணீர் அதைக் கரைத்துக் குழம்புக்குக் கொண்டுபோகும். தனிப் பானை முறையில் இந்தச் சாரம் பாஸ்தாவின் உள்ளே ஏறவே ஏறாது, மேலே பூசிக்கொள்வதோடு சரி. ஒரே வாணலியின் இரண்டாவது லாபம் இது. தோலோடு வாங்கியவர்கள் அந்தத் தோலையும் தலையையும் அதே எண்ணெயில் இரண்டு நிமிடம் வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு வடித்துக்கொண்டால் வெறும் தண்ணீருக்குப் பதில் இறால் சாறே கிடைக்கும். ஒரு கிண்ணமும் வடிகட்டியும் கூடுதலாகக் கழுவ வேண்டும். கழுவலாம், தகும்.

பூண்டின் கடிகாரம் வேறு மாதிரி. முழுப் பல்லில் வாசனை கிடையாது. நறுக்கும்போதோ நசுக்கும்போதோ செல்கள் உடைந்து, அல்லினேஸ் என்ற நொதி அல்லின் என்ற பொருளைத் தொட்டு அல்லிசினாக மாற்றுகிறது. 1944-இல் அமெரிக்காவில் காவலீட்டோ, பெய்லி இருவரும் பிரித்தெடுத்துப் பெயரிட்டது இதைத்தான். சூடு பட்டால் நொதி செத்துவிடும், அல்லிசினும் உடைந்து இனிப்பான, மெல்லிய மணப்பொருள்களாக மாறும். ஆக, மெல்லிய வில்லைகளாக அரிந்து மிதமான எண்ணெயில் பொன்னிறம் வரும்வரை விட்ட பூண்டுக்கும், நசுக்கிக் கடைசியில் சேர்த்த பச்சைப் பூண்டுக்கும் சுவையில் உறவே கிடையாது. பழுப்பாகிவிட்டால் கசப்பு, அதை எந்த எலுமிச்சையும் மறைக்காது. தனித்தனிப் பாத்திரங்களில் சமைப்பவர் பாஸ்தா வேகும்வரை பூண்டெண்ணெயை அடுப்பில் காக்கவைக்க வேண்டியிருக்கிறது. கருகுவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான். ஒரே வாணலியில் பொன்னிறம் தொட்ட நொடியில் தண்ணீரை ஊற்றிவிடலாம். தண்ணீர் இருக்கும்வரை வாணலிக்குள் சூடு நூறு பாகையைத் தாண்டாது, பூண்டும் அதற்குமேல் சிவக்காது. ஆறு பல்லை இப்படிச் சேர்த்து, மீதி இரண்டை நசுக்கி அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பது என் பரிந்துரை. இரண்டு பூண்டுகள், இரண்டு நேரங்கள்.

மொத்தத்தையும் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இறால் வறுபட்டு வெளியேறுகிறது. அடுப்பைக் குறைத்து இன்னும் கொஞ்சம் எண்ணெய், பூண்டு வில்லைகள், மிளகாய்த் துகள். பொன்னிறம் வந்ததும் 700 மில்லி தண்ணீரும் உப்பும். தீயைக் கூட்டிக் கொதி வந்ததும் ஸ்பகெட்டியைப் படுக்கப் போட்டு, வளையத் தொடங்கும்வரை கரண்டியால் அமுக்கிவிட வேண்டும். முதல் மூன்று நிமிடம் விடாமல் பிரித்துவிடுவது கட்டாயம். பிறகு அவ்வப்போது கிளறினால் போதும். எட்டாவது நிமிடத்தில் ஓர் இழையைக் கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி சிறிதாகத் தெரியும். தண்ணீர் கஞ்சிப் பதத்தில், பாஸ்தாவின் பாதி உயரத்துக்கு நிற்கும். அதற்குமுன் வற்றினால் கொதிநீர் கால் டம்ளர் சேர்க்கலாம், அதிகமாக நின்றால் தீயைக் கூட்டலாம். வெள்ளைப் புள்ளி மறையும் தறுவாயில் அடுப்பை அணைத்து, இறாலையும் தட்டில் ஊறிய அதன் சாற்றையும் கொட்டி, நசுக்கிய பூண்டு, எலுமிச்சைச் சாறு, பார்ஸ்லி, ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்து ஒரு நிமிடம் வேகமாகப் புரட்டினால் குழம்பு பிடித்துக்கொள்ளும். மிச்சமிருந்த பச்சை அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். பெரிய இறால் என்றால் அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே சேர்த்து, ஒன்றை வெட்டி நடுவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதற்கு வரும் ஆட்சேபங்களில் வலுவானது, பாஸ்தாவின் பதம் பற்றியது. நிறையத் தண்ணீரில் வெந்த பாஸ்தாவின் மேற்பரப்பு சுத்தமாக, நறுக்கென்று இருக்கும். வாணலியில் வெந்தது சற்று மெத்தென்று, பூச்சோடு இருக்கும். உண்மைதான், மறுக்கவில்லை. கடித்தால் எதிர்த்து நிற்கும் பதத்தையே உயிராக நினைப்பவர்கள் பானைக்குப் போகட்டும். ஆனால் அது ஒரு விருப்பம், சட்டம் ஆகாது. இத்தாலியர்களுக்குள்ளேயே சட்டம் ஒன்றாக இல்லை. 2021-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜோ பாரிசி, பாஸ்தா போட்டுச் சில நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடிவைத்தால் எரிவாயு மிச்சம் என்ற யோசனையை மறு ஆண்டில் பகிர்ந்தபோது, ரப்பராகிவிடும் என்று சமையற்கலைஞர்கள் கொதித்தார்கள். பிறகு பாஸ்தா நிறுவனம் ஒன்றே அம்முறையை ஊக்குவித்தது. இன்னொன்று, பதம் கெடுவதற்கு வாணலியைவிட வாங்கும் பாஸ்தாவே காரணமாக இருக்கும். உலர் பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967 முதல் சட்டம் இருக்கிறது. மற்ற இடங்களில் மைதா கலந்ததும் அதே பெயரில் விற்கும். பானையில் அது எப்படியோ பிழைத்துக்கொள்ளும், வடிக்காத வாணலியில் களியாகிவிடும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குவது நல்லது.

இரண்டாவது ஆட்சேபம் நேரத்தைப் பற்றியது. பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் என்று இவ்வகைக் குறிப்புகளின் தலைப்பில் போடுகிறீர்களே, இறாலை உரித்து முதுகு நரம்பு எடுப்பது எந்தக் கணக்கில் வருகிறது? நியாயமான கேள்வி. தோலோடு வாங்கினால் அந்த வேலை சமைக்கிற நேரத்துக்குச் சமமாக இழுக்கும். அமெரிக்கச் சமையலறைகளில் அந்த நேரம் மறைந்துபோனதற்குக் காரணம், அது வேறு இடத்துக்குப் போய்விட்டதுதான்; அந்த இடம் பெரும்பாலும் இந்தியா. லத்தீன் அமெரிக்கப் பசிபிக் கரைக்குரிய வன்னமி இறாலை இந்தியாவில் வணிக அளவில் வளர்க்க 2009-இல் அனுமதி கிடைத்தது; சென்னையில் உள்ள கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம்தான் அதை ஒழுங்குபடுத்துகிறது. அதற்குமுன் குளங்களை ஆண்ட புலி இறாலை வன்னமி ஒதுக்கிவிட்டது. கடந்த பத்தாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவுக்கு அதிக இறால் அனுப்பிய நாடு இந்தியா, அதில் பெரும்பங்கு ஆந்திரக் குளங்களுடையது. ஒரே அளவாக, உரித்து, நரம்பெடுத்து, தனித்தனியாக உறைந்து பையில் வரும் இறாலுக்குப் பின்னால் பதனிடும் கொட்டகைகளில் நின்றுகொண்டு வேலை செய்யும் பெண்களின் கைகள் இருக்கின்றன. நிமிடங்கள் குறைந்தன என்பதைவிட இடம் மாறின என்று சொல்வதே சரி. இதனால் வாணலி முறை தவறாகிவிடாது; தனிப் பானைக்காரரும் அதே பையைத்தான் பிரிக்கிறார். தலைப்பில் போடும் நிமிடக் கணக்கை மட்டும் கொஞ்சம் அடக்கிச் சொல்லலாம்.

கடைசி ஆட்சேபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்: விருந்தாளிகள் வந்தால் என்ன செய்வது? பலரும் அளவுகளை இரட்டிப்பாக்கித் தண்ணீரையும் இரட்டிப்பாக்குகிறார்கள், பாயசம் போல ஆகிறது. பாஸ்தா குடிப்பது எடையைப் பொறுத்தது, 240 என்பது 480 ஆகும், ஆவியாவது வாணலியின் அகலத்தைப் பொறுத்தது, அதே 300தான், குழம்பு 300. மொத்தம் 1,100 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, 1,400 இல்லை. நான்கு பேருக்கு ஆழமான, அகலமான வாணலி இருந்தால் இந்தக் கணக்கோடு சமாளித்துவிடலாம். இறாலை இரண்டு தடவையாக வறுக்க வேண்டும், நெருக்கிப் போட்டால் அவிந்துவிடும். ஆறு பேருக்குமேல் போனால் அடியில் இருப்பது குழைந்து மேலே இருப்பது விறைத்து நிற்கும், கரண்டியால் புரட்டவும் முடியாது. அன்றைக்குப் பெரிய பானையை எடுத்து, நிறையத் தண்ணீர் வைத்து, வடித்து, குழம்பைத் தனியாகச் செய்வதே முறை.